குதிக்க வேண்டாம், வீசுங்கள்

வணக்கம் நேயர்களே.

ஆடி பிறந்துவிட்டது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி வாய்க்கால்களுக்குள் இறங்கியிருக்கிறது. இன்னும் சில நாளில் பதினெட்டாம் பெருக்கு. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலிருந்து பூம்புகார் வரைக்கும் படித்துறையெல்லாம் கூட்டமாக இருக்கும். காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, முளைப்பாரி, தூக்குவாளியில் புளிசாதம், தேங்காய்ச் சாதம், பிள்ளைகள் இழுத்து வரும் சப்பரம். அந்தப் பக்கம் தென்காசியில் சாரல் அடிக்கும் நேரம். குற்றாலத்துக்கு வேன் பேசியிருப்பீர்கள். ஒகேனக்கலுக்குப் போகலாமா என்று இன்னொரு வீட்டில் பேச்சு நடக்கும். ஊரே தண்ணீரைத் தேடிக் கிளம்புகிற மாதம் இது.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளி நேரத்தில் கபடியும் கோ-கோவும் சொல்லிக் கொடுத்தேன். பள்ளி விட்ட பிறகு, விருப்பப்பட்டு வந்த பிள்ளைகளுக்கு ஆற்றிலும் குளத்திலும் நீச்சல் சொல்லிக் கொடுத்தேன். அதனால் தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளையிடம் ஆற்றில் இறங்காதே என்று சொல்வது நியாயமும் இல்லை, நடக்கிற காரியமும் இல்லை. போங்கள், குளியுங்கள், சந்தோஷமாக இருந்துவிட்டு வாருங்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு விஷயம்தான். உங்கள் கண் முன்னால் ஒருவர் தண்ணீரில் தத்தளிக்கிறார். அடுத்த ஒரு நிமிடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். 'ஆற்றில் மூழ்கி மூன்று பேர் பலி', 'ஏரியில் குளிக்கச் சென்ற நான்கு மாணவர்கள் பலி'. இந்த மூன்றையும் நான்கையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒருவர் கால் வழுக்கி ஆழத்துக்குள் போவது புரிகிறது. நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படிக் கால் வழுக்கும்? வழுக்குவதில்லை நேயர்களே. ஒருவர் மூழ்குகிறார். இரண்டாமவர் அவரைக் காப்பாற்றப் போகிறார். மூன்றாமவர் அந்த இரண்டு பேரையும் காப்பாற்றப் போகிறார். நாலாவது ஆளும் அப்படித்தான்.

2022ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கத்தில் கெடிலம் ஆறு. தடுப்பணை ஓரம் தேங்கியிருந்த தண்ணீரில் குளிக்கப் போன ஏழு பேர் போய்விட்டார்கள். சிறுமிகளும் இளம்பெண்களும். ஒரே ஊர்ப் பக்கம், உறவுக்காரப் பிள்ளைகள். முதலில் ஆழத்தில் சிக்கியவர்களை இழுக்கப் போய்த்தான் மற்றவர்களும் சிக்கினார்கள். வெள்ளம் கிடையாது, புயல் கிடையாது. கரைக்கும் அந்தக் குழிக்கும் பெரிய தூரமும் கிடையாது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து என் மனது ஆறவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பாசம் குறைவில்லை, தைரியமும் குறைவில்லை. கையில் ஒரு கயிறு இல்லை, மிதக்கிற பொருள் ஒன்று இல்லை. அவ்வளவுதான்.

அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி, கொள்ளிடம். பூண்டி மாதா கோயிலுக்குத் தூத்துக்குடியிலிருந்து வந்தவர்கள் ஆற்றில் குளிக்க இறங்கினார்கள். ஆறு பேர் திரும்பவில்லை. கடற்கரை ஊர்க்காரர்களாகவே இருந்தாலும், கொள்ளிடத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்?

சரி, மூழ்குகிற ஆள் எப்படி இருப்பார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில்தான் முதல் சில நொடிகள் வீணாகின்றன. சினிமாவில் பார்த்திருப்பீர்கள். கையை மேலே தூக்கி ஆட்டி, 'காப்பாத்துங்க, காப்பாத்துங்க' என்று கத்துவார்கள். நிஜத்தில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நியூயார்க்கில் ஆர்ச்சர்டு கடற்கரை என்று ஓர் இடம். அங்கே உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா என்பவர், தத்தளிக்கிறவர்களைப் படம் பிடித்து வைத்து நிதானமாகப் பார்த்தார். அவர் கண்டது இதுதான். மூழ்குகிறவர் கத்துவதில்லை. கத்த வேண்டுமானால் மூச்சு வேண்டும். வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வருகிற அரை நொடியில் மூச்சை இழுக்கவே நேரம் போதவில்லை, இதில் எங்கே கத்துவது? கையை மேலே தூக்குவதும் இல்லை. இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. இப்படி இருபது நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரைக்கும்தான் தாங்கும். அப்புறம் தலை உள்ளே போய்விடும்.

பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். 'முங்கி முங்கி எழுந்திரிக்கிறான் பாரு' என்பார்கள். பத்தடி தூரத்தில் பெற்றவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பிள்ளைகள் சத்தமில்லாமல் போவதற்குக் காரணம் இதுதான். ஆகவே தண்ணீரில் விளையாடும் பிள்ளை சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் நல்லது. சத்தம் நின்றால் திரும்பிப் பாருங்கள். 'டேய், சரியா இருக்கியா?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த நொடியே செயலில் இறங்குங்கள்.

செயல் என்றால் என்ன? குதிப்பதா? வேண்டாம். குதிக்க வேண்டாம், வீசுங்கள். இன்றைக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குதிக்க வேண்டாம், வீசுங்கள்.

ஏன் குதிக்கக் கூடாது? தத்தளிக்கிறவருக்கு அந்த நேரத்தில் அண்ணன் தம்பி தெரியாது. கைக்கு எட்டுகிற எதையும் பிடித்து அதன் மேல் ஏறப் பார்ப்பார். நீங்கள் போனால் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்வார், தோள் மேல் ஏறுவார், உங்களைத் தண்ணீருக்குள் அழுத்துவார். வேண்டுமென்று செய்வதில்லை, உடம்பு தானாகச் செய்கிறது. பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள்கூட வெறுங்கையோடு போவதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறார்கள். போனாலும் ஒரு மிதவையை முன்னால் நீட்டிக்கொண்டுதான் போவார்கள். எனக்கு நல்லா நீச்சல் தெரியும் சார் என்று பையன்கள் சொல்வார்கள். தம்பி, நீ தனியாக நீந்துவது வேறு, உன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிற ஒருவரோடு நீந்துவது வேறு.

அப்படியானால் எதை வீசுவது? இங்கேதான் நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டு வருகிற விஷயத்துக்கு வருகிறேன். என் பழைய மாணவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், 'கேன் கதை ஆரம்பிச்சிட்டார்' என்று நினைப்பார்கள். ஆமாம், கேன்தான். சமையல் எண்ணெய் வாங்குகிற ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன். காலியானதும் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறீர்களே, அதுதான். நம் உடம்பு ஏறக்குறைய தண்ணீரின் எடைதான். நுரையீரலில் காற்று இருக்கும்வரை முக்கால்வாசி தானாகவே மிதக்கும். தலையை மட்டும் வெளியே நிறுத்தி வைக்க நாலு, ஐந்து கிலோ தாங்கல் இருந்தால் போதும். மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலிக் கேன் ஏறக்குறைய ஐந்து கிலோவைத் தாங்கும். ஒரு முழு ஆளின் தலையை அது வெளியே நிறுத்தும். பக்கத்து வீட்டில் ஒன்று கேட்டு வாங்கி இரண்டு கேனாக வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

அதில் ஒரு டம்ளர், ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்குங்கள். சுத்தமாகக் காலியாக இருந்தால் காற்றில் அலைந்து பக்கத்திலேயே விழுந்துவிடும். கொஞ்சம் கனம் இருந்தால்தான் தூரமாகப் போகும். கைப்பிடியில் நைலான் கயிறு ஒன்றைக் கட்டுங்கள், பதினைந்து இருபது மீட்டர் நீளம் இருக்கட்டும். கயிற்றின் மறுமுனையில் ஒரு சுருக்கில்லாத கண்ணி போட்டுவையுங்கள், பிடித்துக்கொள்ள. அதை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். இழுப்பு அதிகமானால் கயிறு உங்களையும் சேர்த்து இழுக்கும். கையில் பிடித்திருந்தால் விட்டுவிடலாம், சுற்றியிருந்தால் விட முடியாது. வேனிலோ காரிலோ கிளம்பும்போது ஜமுக்காளம் எடுத்து வைக்கிறீர்கள், சாப்பாட்டுப் பாத்திரம் எடுத்து வைக்கிறீர்கள், கூடவே இதையும் வையுங்கள். செலவு கயிற்றுக்கு மட்டும்தான். எடுத்து வைத்தால் போதாது, குளிக்க இறங்கும்போது வண்டியிலிருந்து எடுத்துக் கரையில் கொண்டுவந்து வையுங்கள். வேனுக்குள் ஜமுக்காளத்துக்கு அடியில் கிடக்கிற கயிறு யாருக்கும் உதவாது.

சுற்றுலா வேன்களில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருக்கும். காலியானதும் மூடி போட்டு வையுங்கள், அதுவும் மிதவைதான். கயிறே இல்லையா? எட்டு முழ வேட்டி இரண்டை முடிந்தால் ஏழு மீட்டர். சேலை ஒன்றே ஐந்தரை மீட்டர். துணியை நனைத்து முடிந்தால் முடிச்சு நழுவாமல் நிற்கும். மூங்கில் கழி, துரட்டி, தென்னை மட்டை, எது கிடைத்தாலும் நீட்டுங்கள். படுத்துக்கொண்டு நீட்டுங்கள். நின்றுகொண்டு நீட்டினால் அவர் பிடித்து இழுக்கிற வேகத்தில் நீங்கள் உள்ளே விழுவீர்கள்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, பார்த்துத் தெரிந்துகொண்டது அதிகம். குளித்தலைக்குக் கிழக்கே ஒரு கிராமத்துப் படித்துறை. ஆடிப்பெருக்குக்கு மறுநாள். கூட்டம் வடிந்துவிட்டது. படிக்கட்டில் வாடிய சாமந்தி, மஞ்சள் பிள்ளையார், கருகமணித் துண்டு, இதெல்லாம்தான் கிடந்தன. அறுபது வயது இருக்கும், ஓர் அம்மா துவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பச்சை நிறப் பிளாஸ்டிக் குடம். வெளியூர்ப் பையன்கள் நாலு பேர் இரண்டு பைக்கில் வந்து இறங்கினார்கள். படித்துறையின் கீழ்க்கோடியில் ஒரு கட்டைச் சுவர் ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட சுவருக்குப் பின்னால் தண்ணீர் திரும்பிச் சுழலும், அடியில் மணலைப் பறித்துக் குழியாக்கி வைத்திருக்கும். உள்ளூரில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். பையன்களுக்குத் தெரியாது. மேலே பார்த்தால் அந்த இடம்தான் அமைதியாக இருக்கும்.

ஒருவன் அங்கே இறங்கினான். இடுப்பளவு தண்ணீர். இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தான், ஆள் இல்லை. தலை வந்தது, போனது, வந்தது. நண்பர்கள் கரையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மா மட்டும் துவைக்கிற கையை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். 'டேய், அவன் வெளாடலடா!' என்று ஒரு சத்தம். அப்போதுதான் நான் மேல்கரையில் சைக்கிளை நிறுத்தினேன். பையன்களில் ஒருவன் சட்டையைக் கழற்றிவிட்டான், குதிக்கப் போகிறான். அந்த அம்மா அவன் கால்சட்டை இடுப்பைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துப் படியில் உட்கார வைத்தார். அவ்வளவு பலம் அந்த மெலிந்த கையில் எங்கிருந்து வந்ததோ! 'நீ போனா ரெண்டு பேரும் போவீங்க. புடி இத' என்று, துவைத்துக்கொண்டிருந்த சேலையின் ஒரு முனையை அவன் கையில் திணித்தார். மறுமுனையைக் குடத்தின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தார். குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஈரத் துண்டு ஒன்றைச் சுருட்டி அதன் வாயில் அடைத்தார். வீசினார்.

முதல் வீச்சு எட்டவில்லை. குடத்தை இழுத்துக்கொண்டு நாலைந்து எட்டு ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக, மேற்கே, நடந்தார். இதைக் கவனியுங்கள் நேயர்களே. அவனை நேராகப் பார்த்து வீசாமல், அவனுக்கு மேல்பக்கமாகத் தண்ணீரில் போட்டார். ஓட்டம் குடத்தைக் கீழே கொண்டுவந்தது, அந்தச் சுழலே அதை உள்பக்கம் இழுத்து அவன் கைக்குக் கொடுத்தது. அவன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தலை வெளியே நின்றது. இருமல் சத்தம் கேட்டது. அந்த அம்மா உடனே இழுக்கவில்லை. படியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் கல்லில் ஊன்றிக்கொண்டு, 'கொடத்த விடாதடா கண்ணு, கொடத்த விடாத' என்று அவனிடம் பேசிக்கொண்டே இருந்தார். அவன் மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டதும், பையன்களிடம் 'இப்ப இழுங்க, வெடுக்குனு இழுக்காதீங்க' என்றார். நான் படிகளில் ஓடி இறங்கிச் சேலையைப் பிடிக்கும்போது பாதி தூரம் வந்துவிட்டான். சொல்லத்தான் இவ்வளவு நேரம். நடந்து முடிய ஒன்றரை நிமிடம் ஆகியிருந்தால் அதிகம்.

பிறகு அவரிடம் கேட்டேன், உங்களுக்கு யாரம்மா சொல்லிக்கொடுத்தது என்று. 'எங்கம்மாதான். நாங்கள்லாம் கொடத்தக் கவுத்துப் போட்டுத்தான நீந்தப் பழகுனோம். அப்பல்லாம் பித்தளக் கொடம், சொரக்குடுக்க. தண்ணில மாட்டுனவங்களுக்குக் கையக் குடுக்காத, கொடத்தக் குடுன்னு சொல்லும்' என்றார். பிறகு மிச்சத் துணியைத் துவைக்க உட்கார்ந்துவிட்டார். அவர் இப்போது இல்லை. ஆனால் அவர் செய்ததில் ஒவ்வொரு அசைவும் சரி. முதலில் அடையாளம் கண்டார். குதிக்க வந்தவனைத் தடுத்தார். மிதக்கிற பொருளைக் கொடுத்தார். தாழ்வாக உட்கார்ந்து இழுத்தார். பேசிக்கொண்டே இருந்தார். உயிர்காப்புப் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டிப் படித்தாலும் இதைத்தான் சொல்லித் தருவார்கள்.

அந்தக் காலத்துப் படித்துறை அறிவு நம்மிடம் இருந்தது, அதைக் கைவிட்டுவிட்டோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம். அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த அறிவு தெரிந்து வைத்திருந்த ஆறு இப்போது இல்லை. காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஆண்டுக்கணக்கில் மணல் அள்ளியிருக்கிறார்கள். அள்ளிய இடம் குழியாகக் கிடக்கும். மேலே தண்ணீர் வந்துவிட்டால் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். முழங்கால் அளவு, முழங்கால் அளவு என்று நடந்துகொண்டே போவீர்கள், அடுத்த அடி இரண்டு ஆள் ஆழம். குழியின் விளிம்பு மணல்தானே, ஏறப் பார்த்தால் காலுக்கடியில் சரிந்துகொண்டே இருக்கும். 'போன வருஷம் இதே இடத்துல குளிச்சோம், இடுப்பளவுதான்' என்று சொல்வார்கள். போன வருடத்துக் கணக்கு செல்லாது. ஒரு வெள்ளம் வந்து போனால் குழி இடம் மாறிவிடும். தாத்தா காலத்துப் பழக்கம் கரைக்கு உதவும், ஆழத்துக்கு உதவாது.

அதனால் இறங்குவதற்கு முன்னால் உள்ளூரில் ஒருவரைக் கேளுங்கள். ஆடு மாடு குளிப்பாட்டுகிறவர், வலை போடுகிறவர், துணி துவைக்கிறவர், கரையில் டீக்கடை வைத்திருப்பவர். 'இங்க எறங்கலாமா, மடு எங்க இருக்கு?' அவ்வளவுதான் கேள்வி. தாமிரபரணிப் பக்கம் இந்த ஆழக் குழியைக் கசம் என்பார்கள், அங்கே போனால் கசம் எங்கே என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. தடுப்பணைக்குக் கீழே நுரைத்துக்கொண்டு கொதிக்கிற இடத்தில் யார் சொன்னாலும் இறங்காதீர்கள். விழுகிற தண்ணீர் அடியில் போய்ச் சுருண்டு மறுபடி அணைப் பக்கமே திரும்பி வரும். உள்ளே போன ஆளை வெளியே விடாமல் புரட்டிக்கொண்டே இருக்கும்.

அணையிலிருந்து திறக்கிற தண்ணீரையும் நினைவில் வையுங்கள். 2014 ஜூன் 8ஆம் தேதி இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆறு. ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா போன பொறியியல் மாணவர்கள் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். இருபத்து நாலு மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஆற்றின் நடுவில் இருக்கிற பாறை, திட்டு, மணல்மேடு, இதெல்லாம் உட்கார்ந்து சாப்பிட அழகான இடம்தான். ஆனால் அங்கே இருப்பவருக்கும் கரைக்கும் நடுவில் எப்போது தண்ணீர் வரும் என்று அவருக்குத் தெரியாது. சோற்று மூட்டையைக் கரையில் பிரியுங்கள்.

குற்றாலம். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் போனான். அப்போது சீசன்கூட இல்லை, கோடை மழை. குளிக்கிற இடத்தில் பெரிய மழை இல்லாவிட்டாலும் மேலே மலையில் பெய்தால் போதும். அருவி முன்கூட்டியே சில அறிகுறிகளைக் காட்டும். தெளிவாக விழுந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாகும். இலை, சருகு, சுள்ளி சேர்ந்து வரும். சத்தம் கனக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும், சோப்பு முகத்தோடு இருந்தாலும், வெளியே வாருங்கள். ஓடும்போது தண்ணீர் போகிற பக்கமாகக் கீழே ஓடாதீர்கள், பக்கவாட்டில் மேட்டைப் பார்த்து ஏறுங்கள். செருப்பு, செல்போன், துண்டு, எதற்காகவும் திரும்பாதீர்கள். காவலர் விசில் அடித்தால் 'இன்னும் ரெண்டு நிமிஷம் சார்' என்று கெஞ்ச வேண்டாம். அவருக்கு மேலேயிருந்து தகவல் வந்திருக்கும்.

ஒகேனக்கல் பரிசலில் ஏறும்போது பாதுகாப்புச் சட்டை கொடுப்பார்கள். அதைச் சும்மா மாட்டிக்கொள்ளாமல் வார்களைக் கட்டுங்கள். கட்டாத சட்டை தண்ணீரில் விழுந்ததும் தலை வழியாகக் கழன்று தனியே மிதக்கும்.

கடலைப் பற்றி விரிவாகவே பேசலாம் என்று குறித்து வைத்திருந்தேன். கடிகாரம் விடாது போலிருக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். 2024 மே 6ஆம் தேதி, நாகர்கோவில் பக்கம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போய்விட்டார்கள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலில் காற்று கிளப்பிய பெரிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், அலை மட்டும் திடீரென்று ஏறி அடிக்கும். ஆகவே வானத்தைப் பார்த்துக் கடலை எடைபோடாதீர்கள். கிளம்புவதற்கு முன்னால் செய்தி கேளுங்கள். கரையில் மீனவர்களைக் கேளுங்கள்.

கடலில் இன்னொரு ஆபத்து, கரையிலிருந்து உள்நோக்கி ஓடுகிற இழுப்பு. மெரினாவிலும் உண்டு, பெசன்ட் நகரிலும் உண்டு. இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். குழந்தையை வைத்துக்கொண்டு குளிக்க நல்ல இடம் என்று அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் திரும்பிப் போகிற வழி அது. அதில் மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், எவ்வளவு பெரிய நீச்சல்காரரும் களைத்துவிடுவார். அது உங்களை அடிக்கு இழுக்காது, உள்ளேதான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்துங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்துங்கள். அந்த ஓட்டம் அகலத்தில் குறுகியதுதான். வெளியே வந்ததும் அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும். கடலிலும் அதேதான், கரையில் இருப்பவர்கள் குதிக்க வேண்டாம். மிதப்பதை வீசுங்கள், உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், போனவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருங்கள்.

குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குவதைப் பற்றிப் பேச இருந்தேன். ஒரே வார்த்தை, வேண்டாம். குடித்த நண்பனை இறங்க விடாதீர்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். சின்னப் பிள்ளைகள் உங்கள் கை எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். 'எல்லாரும் பாத்துக்கிறோம்' என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். இந்த அரைமணி நேரம் சித்தி, அடுத்த அரைமணி நேரம் மாமா என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். பார்க்கிறவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது.

நிலையத்தில் சைகை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. வெளியே எடுத்த பிறகு என்ன செய்வது என்பதை அதற்குள் சொல்லிவிடுகிறேன். வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்காதீர்கள். தலைகீழாகத் தூக்காதீர்கள், தோளில் போட்டுச் சுற்றாதீர்கள். அதில் நேரம்தான் போகும், வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருவர் 108-க்குப் பேசட்டும். மல்லாக்கப் படுக்க வையுங்கள், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மூச்சு இல்லாவிட்டால், மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். நெஞ்சு உயர்வது தெரிய வேண்டும். அப்புறம் நெஞ்சுக்கு நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டு அங்குலம் அமுங்கும்படி, வேகமாக முப்பது முறை அழுத்துங்கள். பிறகு இரண்டு முறை ஊதுங்கள். முப்பது, இரண்டு, முப்பது, இரண்டு. களைத்துப்போனால் ஆளை மாற்றுங்கள், நிறுத்தாதீர்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை. இதை நேரில் செய்து பார்த்துப் பழகுவதுதான் நல்லது. உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் செய்து காட்டுவார்கள்.

மூச்சு வந்து, எழுந்து உட்கார்ந்து, 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம். ஆம்புலன்ஸ் 108. தீயணைப்பு மீட்புப் பணிகள் துறை 101. இரண்டும் ஞாபகம் வராவிட்டால் 112. வணக்கம்.